விரிந்த இதயம்: முதல் எக்கோ எண்ணைப் பார்த்து மனம் உடைந்தவர்களுக்கு

எனக்கு வந்திருப்பது டைலேட்டட் கார்டியோமயோபதி. இதயத்தின் இடது கீழறை விரிந்து, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துபோகும் தசைநோய். ரத்தக்குழாய் அடைப்பு, வால்வுக் கோளாறு, நெடுநாள் உயர் ரத்த அழுத்தம் இவற்றால் விளக்க முடியாதபடி இதயம் இவ்வாறு ஆகியிருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். கண்டுபிடித்தபோது என் இ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 22. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், இரவெல்லாம் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஐந்து ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள் என்ற வரியே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அது இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு என்று சொல்ல அன்று எனக்கு ஆள் இல்லை. நான் மருத்துவர் அல்ல, பள்ளி ஆசிரியை. ஆனாலும் அந்த இரவில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் இருமலில் தொடங்கியது. பகலில் அவ்வளவாக இல்லை, படுத்தால் வரும். நெஞ்சில் சளி என்றார்கள். மருந்து முடிந்தது, இருமல் முடியவில்லை. பிறகு ஒவ்வாமை, அதன் பிறகு ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். இதற்கிடையே வகுப்பில் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியாமல் நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. கீழே விழுந்த சாக்கட்டியை எடுக்கக் குனிந்தால் சில நொடிகளில் மூச்சு முட்டும், நிமிர்ந்ததும் சரியாகிவிடும். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடும், வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வயிற்றுக்கென்று தனி மருத்துவரைப் பார்த்தேன். எண்டோஸ்கோப்பி செய்து லேசான புண் என்றார். அந்தக் கனம் இதயத்தால் சமாளிக்க முடியாமல் ரத்தம் தேங்கிக் கல்லீரல் வீங்கியதால் வந்தது என்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் அதன் விளிம்பு வட்டமாகப் பள்ளம் பதித்திருக்கும். எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி உடனே நிரம்பாது; விரலின் வடிவம் அப்படியே சற்று நேரம் நிற்கும். 'நாள் முழுவதும் நிற்கிறீர்கள் அல்லவா, அதனால்தான்' என்றார்கள். நானும் நாள் முழுவதும் நிற்பவள்தான், நம்புவதற்கு எளிதாக இருந்தது.

இப்படியே ஏறக்குறைய எட்டு மாதங்கள் போயின. சேமிப்பில் பெரும்பகுதி தவறான திசையில் செய்த பரிசோதனைகளுக்கும் மருந்துகளுக்கும் போனது. மருத்துவ விடுப்பு தீர்ந்து, பிறகு சம்பளமில்லா விடுப்பு. பணத்தைவிட அந்தக் காலம் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஏனென்றால் அந்த மாதங்களில் என் இதயம் மேலும் விரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தவர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. ஒருவர் நுரையீரலைப் பார்த்தார், ஒருவர் வயிற்றைப் பார்த்தார், ஒருவர் காலைப் பார்த்தார். மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. ஆகவே அந்தத் தாளை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். மட்டமாகப் படுக்க முடிகிறதா, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேர்கிறதா, குனிந்தால் திணறுகிறதா, கால் வீங்குகிறதா, போன ஆண்டு சுலபமாக ஏறிய படிகளில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறதா, சில வாரங்களில் காரணமில்லாமல் எடை ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தால் இ.சி.ஜி., பி.என்.பி. அல்லது என்.டி. புரோ பி.என்.பி. என்ற, இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ ஆகியவை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எக்கோவுக்கு ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு அது முதல் மாதத்திலேயே நடந்திருக்கலாம்.

நடந்ததோ, ஒரு பின்னிரவில் அவசரப் பிரிவில். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவள் நீரில் மூழ்குவது போன்ற உணர்வோடு எழுந்தேன். பேச முடியவில்லை, உதடு வறண்டு, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தனியாக வாழ்கிறவர்கள் அவசர எண்ணையும் பக்கத்து வீட்டார் எண்ணையும் கைப்பேசியின் முதல் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த நேரத்தில் பெயர்களைத் தேடும் நிதானம் இருக்காது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அடுத்த சில நாட்களில் உடம்பிலிருந்து இறங்கிய நீர் மட்டும் ஆறேழு கிலோ. என் முகம் கண்ணாடியில் பழையபடி ஆனதைப் பார்த்தபோதுதான் அது அதுவரை வீங்கியிருந்தது என்றே தெரிந்தது.

எக்கோ எடுத்தவர் பேசிக்கொண்டே வேலை செய்தவர், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டார். திரையைப் பக்கவாட்டில் பார்த்தேன். இறுக மூடித் திறக்க வேண்டிய சுவர், ஓரத்தில் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனாலும் அது சரியில்லை என்று தெரிந்தது. பிறகு 22 என்ற எண். நூற்றுக்கு 22 மதிப்பெண் என்றே என் மனம் அதை எடுத்துக்கொண்டது, ஆசிரியை அல்லவா. இ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. நல்ல இதயமே சுமார் 55 முதல் 70 வரைதான் தள்ளும்; நூறு யாருக்கும் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் எடுத்தாலும் ஐந்து சதவீதம் முன்பின் வரலாம். 30 இருந்து படுக்கையில் கிடப்பவரும் உண்டு, 25 இருந்து நடமாடுபவரும் உண்டு. இது எதையும் டிஸ்சார்ஜ் அன்று எனக்குச் சொல்லவில்லை. கோப்பைக் கையில் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்று வந்தது. உறவினர்கள் தொலைபேசியில் 'அடைப்பே இல்லையாமே, அப்புறம் என்ன கவலை' என்று மகிழ்ந்தார்கள். இந்த நோய்க்காரர்கள் எல்லோரும் கேட்கும் வார்த்தை இது. அடைப்பு இல்லை என்பதன் பொருள் குழாய் நன்றாக இருக்கிறது, தசைதான் கெட்டிருக்கிறது என்பது. அதற்கு மேல்தான் ஏன் கெட்டது என்ற தேடல் ஆரம்பிக்கிறது. அந்தத் தேடலை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் சில காரணங்களைச் சரி செய்தால் இதயம் பெருமளவு திரும்பிவிடும். மது, தைராய்டு, நெடுநாள் அதிவேகத் துடிப்பு, தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு ஆகியவை அப்படிப்பட்டவை. வைரஸால் வந்த இதயத்தசை அழற்சி, டாக்சோருபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள், உடலில் இரும்பு மிகுதியாகச் சேர்வது, பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களுக்குள் வரும் வகை என்று பட்டியல் நீளும். மது அருந்துவீர்களா என்று என்னிடம் கேட்டபோது முகம் சுருங்கியது. இந்த நோயில் அது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி, ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்று இப்போது புரிகிறது. உண்மையைச் சொல்வதுதான் சிகிச்சைக்கு உதவும்.

கடைசியில் என் விஷயத்தில் விடையைத் திறந்தது ஓர் இளம் மருத்துவரின் கேள்வி. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டார். என் அப்பா நாற்பதுகளின் தொடக்கத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், நாங்களும் அப்படியே சொல்லி வளர்ந்தோம். அத்தனை மாதங்களில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரம்பரைத் தொடர்பு இருக்கலாம் என்று விளக்கி, மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. டைட்டின் என்ற தசைப்புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிறழ்வு. இந்த நோயில் மிகுதியாகக் காணப்படும் மரபணுப் பிறழ்வே அதுதானாம். லேமின் என்ற இன்னொரு மரபணுவில் பிறழ்வு இருப்பவர்களுக்குத் துடிப்புக் கோளாறும் திடீர் மரண ஆபத்தும் முன்கூட்டியே வரும் என்பதால் அவர்களை வேறு விதமாகக் கவனிக்கிறார்கள். காரணத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

இனி மருந்து. இன்றைக்கு இந்த நிலையில் நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம்: சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன், அல்லது அதற்குப் பதிலாக எனாலபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்; கார்வெடிலால் அல்லது பைசோபிரோலால் போன்ற, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்; ஸ்பைரனோலாக்டோன் வகை; டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். கடைசியில் சொன்ன இரண்டும் சர்க்கரை நோய்க்காக வந்தவை; சர்க்கரை இல்லாத எனக்கு ஏன் என்று மருந்துக்கடையிலேயே கேட்டுப் பயமுறுத்தினார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களின் இதயச் செயலிழப்பிலும் அவை பலன் தருபவை. இவற்றுக்கு மேல் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரை மூச்சை எளிதாக்கும். ஆயுளைக் கூட்டும் வேலையைச் செய்வது மற்ற நான்கும்தான். நன்றாக இருக்கிறது என்று நினைத்து நீர் மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தியவர்களை வெளிநோயாளிகள் பிரிவில் நானே சந்தித்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

பீட்டா பிளாக்கர் தொடங்கிய வாரங்கள்தான் எனக்கு மிகக் கடினம். சோர்வு கூடியது, எழுந்தால் கண் இருண்டது, இது என்னைக் கொன்றுவிடும் என்றே நினைத்தேன். ஆரம்பத்தில் அப்படி இருக்கும், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். பின்னால் படித்தபோது ஒன்று தெரிந்தது. பலவீனமான இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்பதுதான் ஒரு காலத்தில் மருத்துவ விதி. 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதே தசைநோய் உள்ள ஏழு பேருக்கு அதைக் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதினார்கள். உலகம் அதை ஏற்க இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. இன்று நான் காலையும் மாலையும் விழுங்கும் மாத்திரை அந்த ஏழு பேரின் துணிவிலிருந்து வந்தது. அதை நன்றியோடுதான் விழுங்குகிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் எடை பார்ப்பதுதான் முதன்மை. காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில், தினமும். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அது கொழுப்பு அல்ல, நீர். எனக்கு ஒரு முறை அப்படி ஏறியது. தொலைபேசியில் சொன்னேன், நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், மருத்துவமனைக்குப் போகாமலே இறங்கிவிட்டது. வலிக்கு இபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவற்றைக் கேட்காமல் எடுக்கக்கூடாது, உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். உப்புக்கு மாற்று என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம். ஸ்பைரனோலாக்டோனோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால்தான் மருந்தின் அளவை மாற்றும்போதெல்லாம் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கிறார்கள். அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எனாலபிரில் போன்றவற்றிலிருந்து சாக்குபிட்ரிலுக்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய அட்டையை அன்றே அப்புறப்படுத்துவது நல்லது. வாந்தியோ பேதியோ வந்தால் மாத்திரைகளை வழக்கம்போல விழுங்கிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும், உடம்பு வறண்டால் சிறுநீரகம் அடிபடும்.

ஐ.சி.டி. பற்றிய பேச்சு எழுந்தபோது மீண்டும் தூக்கம் போனது. துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை நெஞ்சுக்குள் வைப்பது. இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் சரியான மருந்துகளை முழு அளவில் குறைந்தது மூன்று மாதம் கொடுத்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். எனக்கு முதல் சந்திப்பிலேயே உடனே வைத்துவிடலாம் என்று ஒருவர் அவசரப்படுத்தினார். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்டேன். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டென்மார்க்கில் அடைப்பால் வராத இதயச் செயலிழப்பு உள்ள 1,116 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஐ.சி.டி. திடீர் மரணத்தைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் மொத்த மரணங்களில் உறுதியான வேறுபாடு இல்லை, வயதில் இளையவர்களுக்கே பலன் தெரிந்தது. இதய எம்.ஆர்.ஐ. எடுத்துத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்போம், தழும்பு இருந்தால் ஆபத்து கூடுதல் என்றார். எனக்குத் தழும்பு இல்லை. மயக்கமும் வந்ததில்லை. காத்திருந்தோம். மயங்கி விழுந்திருக்கிறவர்கள், திடீர் மரணம் நடந்த குடும்பத்தினர், லேமின் பிறழ்வு உள்ளவர்கள் என் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். என் அப்பாவின் மரணமும் இந்தக் கணக்கில் உண்டு என்பதால் என் விஷயம் இன்னும் முற்றாக மூடப்படவில்லை.

மூன்றாம் மாத எக்கோவில் 29. எதிர்பார்த்த அளவு இல்லை என்று உடைந்துபோனேன். ஆறாம் மாதத்தில் 36, ஓராண்டு கடந்து 44. சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு மருந்தால் இதயம் சுருங்கி வலுப்பெறுகிறது. சிலருக்கு அப்படியே நிற்கிறது. சிலருக்கு எல்லா மருந்தையும் மீறி இறங்கி, செயற்கைப் பம்பும் மாற்று இதயமும் தேவைப்படுகின்றன. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முதல் எக்கோவின் எண் மட்டும் சொல்லாது. மருந்து ஏறிய பிறகு வரும் எக்கோதான் கூடுதலாகச் சொல்லும். எனக்கு அன்று தேவைப்பட்ட ஒரே செய்தி இதுதான்.

தேறிய பிறகும் நிறுத்தலாமா என்றால், கூடாது. பிரிட்டனில் இந்த நோயிலிருந்து முழுதும் தேறிவிட்டதாகக் கருதப்பட்ட 51 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இதைப் படித்த அன்று மாத்திரை டப்பாவின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

உடம்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு மனத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் அது பாதி உண்மை. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டு படுத்திருந்த இரவுகள் உண்டு. படியேறப் பயந்து, அந்தப் பயத்தாலேயே கால் தசை வற்றிப்போனது. இதய மறுவாழ்வுப் பயிற்சி என்ற ஒன்று இருப்பதை ஒரு செவிலியர் சொல்லித்தான் அறிந்தேன். துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் வைக்கிறார்கள். கண் முன்னே திரையில் துடிப்பு சீராக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நடந்தபோதுதான் என் உடம்பின் மேல் நம்பிக்கை திரும்பியது. எந்த மருத்துவரும் பரிந்துரைக்காவிட்டாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கடினமாக இருந்தது தம்பியைச் சம்மதிக்க வைத்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய எல்லோரும் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது நன்றாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் மரபணுப் பிறழ்வு உறுதியாகியிருந்தால், அது இல்லாதவர்களை இந்தத் தொடர் பரிசோதனையிலிருந்து பெரும்பாலும் விடுவித்துவிடலாம். பிறழ்வு கண்டுபிடிக்கப்படாத குடும்பத்தில் எல்லோரும் தொடர்ந்து பார்க்க வேண்டியதுதான். 'அக்கா, நான் தினமும் ஓடுகிறேன், எனக்கு என்ன' என்று தம்பி மாதக்கணக்கில் தட்டிக் கழித்தான். அப்பா இறந்த வயதை அவனுக்கு நினைவூட்டிய பிறகுதான் போனான். எந்த அறிகுறியும் இல்லாத அவனுக்கு இடது கீழறை லேசாக விரிந்திருந்தது, இ.எஃப். 47, என்னிடம் இருக்கும் அதே பிறழ்வு. இப்போதே குறைந்த அளவில் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அவனுடைய மகளுக்குப் பரிசோதனைக்கு முந்தைய மரபியல் ஆலோசனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். அவள் பெரியவளாகித் தாய்மை அடைய நினைக்கும்போது கர்ப்பம் இதயத்துக்குச் சுமை என்பதாலும், இந்த மருந்துகளில் சிலவற்றைக் கர்ப்பத்தில் எடுக்கக்கூடாது என்பதாலும், அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.